பெடலை மிதித்தது யார்?

பாலக்கரை, திருச்சி
14.07.2024

சேசு மரி சூசை

அன்புள்ள தம்பி பிரிட்டோவுக்கு,

அக்கா பாக்கியமேரி எழுதுகிறேன். நானும் சுஜாவும் சாப்பிடுகிறோம், தூங்குகிறோம். அதற்கு மேல் நலம் என்று எழுதக் கை வரவில்லை. உன் வயிற்றுப் புண் எப்படி இருக்கிறது? காரம் குறைத்துக்கொள். ஓசூர் குளிரில் காலையில் வெறும் டீ குடிக்காதே.

நான் கடிதம் எழுதுவது உனக்கு வேடிக்கையாக இருக்கும். அஞ்சாவதோடு நின்றவள், மளிகைச் சீட்டு தவிர எதையும் எழுதினதில்லை. போனில் பேசினால் நீ “சரிக்கா, சரிக்கா, கிளாஸ் இருக்கு” என்று வைத்துவிடுகிறாய். எழுதினால் நீயும் எழுதித்தான் ஆக வேண்டும். எழுதினது பெட்டியில் கிடக்கும்.

முப்பதாம் நாள் பூசை வியாழக்கிழமை நடந்தது. நீ வருவாய் என்று மூன்று தடவை வாசலைப் பார்த்தேன். அடக்கத்தன்றும் நீ கை நனைக்காமல் பஸ் ஏறினாய். லீவு இல்லை என்றாய். சரி.

ஸ்டேஷனில் ஒரு பேப்பர் கொடுத்தார்கள். அவள் அப்பாவைப் பற்றி எழுதினதை சுஜா படித்துக் காட்டினாள். ஜூன் 11 காலை ஏழு மணிக்கு, ஜீயபுரத்திலிருந்து வாழைத்தார் ஏற்றி ஸ்ரீரங்கம் சென்ற குட்டியானை வண்டியை அதிவேகமாகவும் அஜாக்கிரதையாகவும் ஓட்டி, காவிரிப் பாலம் இறங்குமிடத்தில் சுவரில் மோதி, ஓட்டுநர் தைரியராஜ், வயது 52, இறந்தார் என்று இருக்கிறது. இருபத்தாறு வருஷம் அவர் பக்கத்தில் உட்கார்ந்து போயிருக்கிறேன். வேகத்தடை இல்லாத ரோட்டிலும் வேகத்தடை இருப்பது மாதிரி ஓட்டுகிற மனுஷன். பின்னால் வருகிறவன் ஹாரன் அடித்தே ஓய்ந்துபோவான். அவரையா இப்படி எழுதுவது? கோயில் வாசலில் ஒருத்தி, தண்ணி போட்டிருப்பார் என்று சொன்னாளாம். வேளாங்கண்ணியில் சத்தியம் செய்து அவர் அதை விட்டுப் பன்னிரண்டு வருஷம்.

இந்தப் பேப்பரை மாற்ற வேண்டும். அவர் பெயரில் இது நிற்கக் கூடாது. எனக்கு வேறு ஒன்றும் வேண்டாம்.

ஏட்டய்யாவிடம் பிரேக் பிடிக்காமல் போயிருக்கலாமே என்று கேட்டேன். “விபத்துக்குப் பத்து நாள் முன்னாடிதான் சர்டிபிகேட் உள்ள கடையில பிரேக் வேலை பாத்திருக்கும்மா, பில்லு இருக்கு. அப்ப வண்டில குறை இல்ல. ஓட்டுனவர் மேலதான் வருது” என்றார். நீ சொல்லி அனுப்பினாயே, புத்தூர் சகாயநாதன் கடை, அதன் பில்.

எனக்குப் பரக்கத் அலி பாய் மேல்தான் சந்தேகம். பதினைந்து வருஷம் அவர்தான் இந்த வண்டியைப் பார்த்தார். நாம் கடையை மாற்றினது அவருக்கு மனக்குறை. பூசைக்கு வந்தவர் கேட்டுக்கு வெளியே நின்றார். எல்லோர் முன்னாலும் கேட்டுவிட்டேன், வண்டியில என்ன பண்ணி வச்சீங்க பாய் என்று. ஒரு வார்த்தை பேசவில்லை, செருப்பை மாட்டிக்கொண்டு போய்விட்டார். குற்றம் இல்லாதவர் பதில் சொல்லியிருக்க மாட்டாரா?

அந்த சர்டிபிகேட் என்றால் என்ன, அதை வைத்திருக்கிறவன் என்னவெல்லாம் படித்திருப்பான் என்று எனக்குப் புரிகிற மாதிரி எழுது. அந்தப் பிள்ளைகளுக்குப் பாடம் நடத்துகிறவன் நீ.

உடம்பைப் பார்த்துக்கொள்.
அக்கா பாக்கியமேரி


ஓசூர்
29.07.2024

அன்பு அக்காவுக்கு,

உன் கடிதம் கிடைத்தது. பூசைக்கு வர முடியாததற்கு மன்னித்துக்கொள். இங்கே புதிய பேட்ச் தொடங்குகிற நேரம். என் உடம்புக்கு ஒன்றுமில்லை. நீ நேரத்துக்குச் சாப்பிடு.

சர்டிபிகேட் என்பது சாதாரண விஷயம் இல்லை. மூன்று மாதப் பயிற்சி முடித்து, வெளியிலிருந்து வருகிற மதிப்பீட்டாளர் சோதித்த பிறகுதான் கொடுப்பார்கள். அதில் ஒரு கட்டம் இருக்கும், போனில் பிடித்தால் படித்தவன் பெயரும் கிரேடும் வரும். போலியாகச் செய்ய முடியாது. சகாயநாதன் கடையில் வேலை செய்கிறவர்கள் அப்படிப்பட்டவர்கள். ஸ்டேஷனில் சொன்னதில் தவறில்லை.

பரக்கத் பாய் நல்ல மனிதர்தான். ஆனால் அவர் எங்கே படித்தார்? என்ன பேப்பர் இருக்கிறது? மச்சான் பழக்கத்தில் நடுவே ஒருநாள் அவரிடம் வண்டியைக் காட்டியிருக்கலாம், அவர் ஏதாவது செய்திருக்கலாம். நிச்சயமாகச் சொல்லவில்லை. யோசித்துப் பார்.

சுஜாவை வேலைக்கு ஒழுங்காகப் போகச் சொல். மனதைத் தேற்றிக்கொள்.

உன் தம்பி
பிரிட்டோ


பாலக்கரை
11.08.2024

அன்புத் தம்பிக்கு,

உன் கடிதத்தை சுஜா இரண்டு தடவை வாசித்தாள். உடம்புக்கு ஒன்றுமில்லை என்று எழுதியிருக்கிறாய். போனில் பேசும்போது ஏப்பம் விட்டுக்கொண்டே பேசினாய். டாக்டரைப் பார்.

நீ யோசிக்கச் சொன்னாய். யோசித்துவிட்டு நேராகக் காந்தி மார்க்கெட் பின்னால் இருக்கிற பாய் ஷெட்டுக்குப் போனேன், சண்டை போடத்தான். ஒரு வண்டிக்கு அடியில் படுத்திருந்தார். கால் மட்டும் தெரிந்தது. அந்தக் காலைப் பார்த்தே பேச ஆரம்பித்தேன். எல்லாம் கேட்டேன், கேட்கக் கூடாததையும் கேட்டேன். அவர் வெளியே வந்து கையைத் துடைத்தார். மே மாதத்துக்குப் பிறகு அந்த வண்டியைக் கண்ணால்கூடப் பார்க்கவில்லை என்றார். ஷெட்டுக்கு எதிரே இருக்கிற வாழைக்காய் மண்டி இப்ராகிமைச் சாட்சிக்குக் கூப்பிட வேண்டுமா என்றும் கேட்டார். பிறகு, “அந்தக் கடைல என்ன வேலை பாத்தாங்க தங்கச்சி?” என்றார். பில்லைக் கொடுத்தேன். மாஸ்டர் சிலிண்டர் மாற்றினது என்று படித்தார்.

“அப்ப ஏர் எடுத்திருக்கணும். பெடலை மிதிச்சது யாரு?”

அதைத்தான் கேட்டார்.

உனக்குத் தெரிந்ததுதான், இருந்தாலும் எழுதுகிறேன். பெடலை மிதித்தால் ஆயிலைத் தள்ளுகிற அந்தச் சிலிண்டரை மாற்றினால் பிரேக் குழாய்க்குள் காற்று போய்விடும். காற்று இருந்தால் பெடல் மெத்தென்று கீழே போகும்; வெறும் வண்டியில் எப்படியோ பிடிக்கும், பாரத்தோடு இறக்கத்தில் சக்கரம் நிற்காது. அந்தக் காற்றை எடுக்க இரண்டு பேர் வேண்டும். ஒருவர் சீட்டில் உட்கார்ந்து பெடலை மிதிக்க வேண்டும், இன்னொருவர் கீழே படுத்து, சக்கரத்தில் காற்று வெளியேறுகிற நிப்பிள் திருகைத் திறக்க வேண்டும். பாய் ஷெட்டில் அந்தச் சீட்டில் உட்காருகிறது நான்தான். பதினைந்து வருஷமாக. மார்க்கெட்டுக்குக் காய் வாங்கப் போகிற சாக்கில் உட்கார்ந்துவிடுவேன். கீழே இருந்து பாய் “அடி, அடி, அடி, பிடி” என்பார். அழுத்திப் பிடித்துக்கொள்வேன். திறந்து மூடிவிட்டு “விடு” என்பார். அவர் சொல்வதற்கு முன்னே காலை எடுத்தால் வெளியே போன காற்று திரும்ப உள்ளே போய்விடும். ஒருமுறை ஈ உட்கார்ந்தது என்று எடுத்துவிட்டேன். உன் மச்சான், “இவளை நம்பி நான் பாலம் இறங்குறதா” என்று கேலி செய்தார். நான்கு சக்கரத்துக்கும் மறுபடி எடுக்க வைத்தார் பாய்.

இந்தத் தடவை என்னை யாரும் கூப்பிடவில்லை. உன் மச்சானும் வண்டியை விட்டுவிட்டு பஸ்ஸில் வந்துவிட்டார், சாயங்காலம் வந்து எடுத்துக்கொள்ளச் சொன்னார்கள் என்று. அப்படியானால் அந்தக் கடையில் பெடலை மிதித்தது யார்? உங்கள் பயிற்சியில் ஏர் எடுக்கச் சொல்லிக்கொடுக்கும்போது பெடலை மிதிப்பது யார்? இதை மட்டும் எழுது.

பாயிடம் மன்னிப்புக் கேட்கவில்லை. இன்னும் முழுசாக நம்பிக்கை வரவில்லை.

அக்கா


ஓசூர்
02.09.2024

அன்பு அக்கா,

நலம். உன் மூட்டுவலி எப்படி இருக்கிறது? சுஜாவுக்கு ஒரு சுடிதார் துணி அனுப்பியிருக்கிறேன், வந்ததா?

எங்கள் பயிற்சி நானூறு மணி நேரம். முதல் பாகம் பாதுகாப்பு, இரண்டாவது இஞ்சின், மூன்றாவது பிரேக்கும் ஸ்டியரிங்கும், நான்காவது வாடிக்கையாளரிடம் பேசுவது. ஒவ்வொன்றுக்கும் ரெக்கார்டு நோட்டு உண்டு. தியரிக்கு நாற்பது மார்க், பிராக்டிக்கலுக்கு அறுபது. எண்பதுக்கு மேல் எடுத்தால்தான் ஏ கிரேடு. இதற்கு மேல் விவரமாக எழுதினால் உனக்குப் புரியாது.

கையால் வேலை பழகினவர்கள் தங்களுக்குத் தெரிந்ததுதான் சரி என்பார்கள். தொழில் மாறிவிட்டது. பாய் சொல்வதைக் கேட்டு நீ அலையாதே, மச்சான் திரும்பி வரப் போவதில்லை.

உன் தம்பி
பிரிட்டோ


பாலக்கரை
15.09.2024

தம்பி பிரிட்டோவுக்கு,

துணி வந்தது. சுஜா தைக்கக் கொடுக்கவில்லை. என் மூட்டு இருக்கிறபடி இருக்கிறது. உன் வயிறு?

நானூறு மணி, அறுபது மார்க் எல்லாம் எழுதியிருக்கிறாய். நான் கேட்டதை எழுதவில்லை.

வியாழக்கிழமை சகாயநாதன் கடைக்குப் போனேன். சுஜாவையும் கூட்டிக்கொண்டேன். கண்ணாடிக் கதவு, உள்ளே ஏசி, மாதா படம், அதன் பக்கத்தில் சட்டம் போட்ட சர்டிபிகேட் நாலு. சகாயநாதன் எழுந்து நின்று வணக்கம் சொன்னார். உன் அக்கா என்று தெரிந்ததும் இன்னும் மரியாதையானார். எனக்குத்தான் அந்த மரியாதை பிடிக்கவில்லை. ஏன் இவ்வளவு?

நம் வண்டியைப் பார்த்தது ஆஸ்டின் என்கிறவர். முப்பது வயது இருக்கும். முன்பு சத்திரம் பஸ் ஸ்டாண்டில் குடை போட்டு சிம் கார்டு விற்றாராம். எனக்கு நாற்காலி எடுத்துப் போட்டார். நான் கோபமாகப் போனவள், அதில் உட்கார்ந்துவிட்டேன். மெதுவாகத்தான் கேட்டேன், ஏர் எடுக்கும்போது கூட யார் இருந்தார்கள் என்று.

“யாரும் இல்லம்மா. நானேதான் செஞ்சேன்.”

பெடலை யார் மிதித்தது என்று கேட்டேன். முழித்தார். “ஆயிலை அளவுக் கோடு வரைக்கும் ஊத்தினேம்மா. அது தானா இறங்கிக்கும்.”

தனி ஆளாக எடுப்பதற்குக் கருவி இருக்கிறது, அதையும் கேட்டுவிட்டு வா என்று பாய் சொல்லி அனுப்பியிருந்தார். கேட்டேன். அப்படி ஒன்று அந்தக் கடையில் இல்லை. சகாயநாதன் நடுவில் வந்து, எங்க ஆட்கள் எல்லாம் சர்டிபிகேட் உள்ளவங்கம்மா, பாருங்க என்று சுவரைக் காட்டினார். சுஜா போனை எடுத்து அந்தக் கட்டத்தைப் பிடித்தாள். நீ சொன்ன மாதிரியே வந்தது. ஆஸ்டின் பெயர் வந்தது, போட்டோ வந்தது, ஏ கிரேடு வந்தது. பெடலை மிதித்தது யார் என்று மட்டும் வரவில்லை.

நான் கிட்டப் போய் சர்டிபிகேட்டைப் பார்த்தேன். எனக்கு இங்கிலீஷ் தெரியாது. ஆனால் கீழே இருந்த கையெழுத்தை எனக்குத் தெரியும். சுஜாவின் ராங்க் கார்டில் அவள் அப்பா லோடு போயிருக்கும்போது நீ எத்தனை தடவை போட்டிருக்கிறாய். கீழே இரண்டு கோடு, இரண்டாவது கோட்டின் நுனியில் ஒரு சுழி.

சுஜாவிடம் சொல்லவில்லை. அவள் பார்த்தாளா என்று தெரியாது.

மறுபடி கேட்கிறேன். உங்கள் இடத்தில் பெடலை மிதிப்பது யார்?

பாக்கியமேரி


பாலக்கரை
20.10.2024

தம்பி,

ஒரு மாதமாக உன்னிடமிருந்து காகிதம் இல்லை. தபால்காரரிடம் இரண்டு தடவை கேட்டேன். உடம்பு சரியில்லையோ என்று பயந்து போன் செய்தால் எடுத்து, “கிளாஸ்ல இருக்கேன்” என்கிறாய். ஞாயிற்றுக்கிழமை என்ன கிளாஸ்?

நீ எழுதாவிட்டாலும் நான் எழுதுகிறேன்.

மாம்பழச்சாலை முனையில் பூக்கட்டி விற்கிற ரெங்கம்மாளைத் தேடிப் பிடித்தேன். உன் மச்சான் அவளிடம்தான் தினம் வண்டிக்கு முழம் பூ வாங்குவார். அவள் அன்று பார்த்திருக்கிறாள். பாலத்தின் பாதியிலிருந்தே ஹாரனில் கையை எடுக்காமல் வந்தாராம். “சிக்னல்ல அவ்வளவு சனம் நிக்குது. இஸ்கூல் புள்ளைங்க வேற. கையால போங்க போங்கன்னு காட்டுனாரு, அப்புறம் ஸ்டியரிங்க ஒடச்சு சுவத்துப் பக்கம் திருப்பிட்டாரு. குடிச்சவன் அப்படித் திருப்புவானா?” என்று அவள் என்னையே கேட்டாள். எழுதிக் கொடுக்கிறாயா என்றேன். கைநாட்டு வைக்கிறேன் என்றாள். அவளைச் சந்தேகப்பட ஒன்றுமில்லை. இந்த நாலு மாதத்தில் எனக்குச் சந்தேகம் வராத ஆள் அவள் ஒருத்திதான்.

வண்டியை ஸ்டேஷனிலிருந்து விட்டார்கள். முன்பக்கம் நசுங்கி, பெடல் வளைந்துபோனதால் பிரேக்கைச் சோதிக்க முடியவில்லை என்று அவர்கள் எழுதிவிட்டார்கள். பாய் ஷெட்டுக்கு இழுத்துக்கொண்டு போனோம். அந்த சீட்டைப் பார்க்க எனக்குத் தெம்பில்லை. பாய் ஒரு சாக்கை விரித்துப் போட்டார். பெடலை நிமிர்த்திவிட்டு, “ஏறு தங்கச்சி” என்றார். ஏறினேன். மிதித்தேன். தரை வரைக்கும் போனது, தம்பி. சோற்றில் கால் வைத்த மாதிரி. குழாய் எதுவும் உடையவில்லை, ஆயில் சொட்டவில்லை, பாய் விளக்கைப் பிடித்து எனக்குக் காட்டினார். அடி, அடி, பிடி என்றார். பின்பக்கம் இடது சக்கரத்தில் நிப்பிளைத் திறந்தார். ஆயில் வரவில்லை. நுரைதான் பொடிப் பொடியாக வந்தது.

பாய் உடனே மூடிவிட்டார். பார்க்க வேண்டியவர்கள் பார்க்கட்டும் என்று மற்ற மூன்று சக்கரத்தையும் தொடவில்லை.

இதை ஸ்டேஷனில் வந்து சொல்லுங்க பாய் என்று கையைப் பிடித்துக்கொண்டேன். அவர் மாட்டேன் என்று தலையை ஆட்டினார். “நான் சொன்னா எடுபடாதும்மா. என்கிட்ட பேப்பர் இல்ல. பேப்பர் இல்லாதவன் பேப்பர் உள்ளவன் மேல பழி போடுறான்னு எழுதிருவாங்க. பேப்பர் குடுத்தவங்க சொல்லணும்.”

அப்போதுதான் அவரிடம் மன்னிப்புக் கேட்டேன். அவருக்குத் தெரியாது, பேப்பர் கொடுத்தது யார் என்று. நான் சொல்லவில்லை. நம் வீட்டு வெட்கம்.

நீ சொல்ல வேண்டும் பிரிட்டோ.

அக்கா


ஓசூர்
28.10.2024

அக்கா,

அல்சர் கொஞ்சம் அதிகமாகி மருந்து சாப்பிடுகிறேன். அதனால்தான் எழுதவில்லை. கல்லறைத் திருநாளுக்கு வர முடியாது, இங்கே ஆய்வுக்கு வருகிறார்கள்.

அந்தக் கையெழுத்து என்னுடையதுதான். பயிற்றுநர் என்ற முறையில் எட்டு பேட்சுக்குப் போட்டிருக்கிறேன். படித்து முடித்தவன் வெளியே போய்ச் செய்கிற தவறுக்கெல்லாம் நான் பொறுப்பாக முடியாது. டாக்டர் தப்பு செய்தால் காலேஜையா கேட்கிறோம்?

என் வேலையை நினைத்துப் பார். இந்தக் கடிதங்களை யாரிடமும் காட்டாதே. இதோடு நிறுத்திக்கொள் அக்கா, உன்னைக் கெஞ்சிக் கேட்கிறேன்.

பிரிட்டோ


பாலக்கரை
03.11.2024

பிரிட்டோவுக்கு,

நேற்று கல்லறைக்குப் போனோம். மழைத் தூறல். மெழுகுவர்த்தி நிற்கவில்லை, சுஜா குடையைச் சாய்த்துப் பிடித்தாள். எல்லாக் கல்லறையிலும் பெயர் எழுதியிருக்கிறது. அவருடையதில் இன்னும் மரச்சிலுவைதான். கல் வைக்கலாமா என்று கோயில்பிள்ளை கேட்டார். பேப்பர் மாறட்டும், பிறகு வைக்கிறேன் என்றேன். அவருக்குப் புரியவில்லை.

சுஜா அங்கே வைத்துத்தான் கேட்டாள். “அந்த சர்டிபிகேட்ல மாமா கையெழுத்துதானேம்மா?” அவளும் பார்த்திருக்கிறாள். ஆமாம் என்றேன். நீ அனுப்பின துணி பீரோவில் கவரோடு இருக்கிறது.

டாக்டர், காலேஜ் என்று எழுதியிருக்கிறாய். காலேஜில் பிணத்தையாவது அறுத்துப் பார்க்க வைப்பார்களாம். நான் உன்னை இரண்டு கடிதத்தில் ஒரே கேள்வி கேட்டேன். தெரிந்தவன் ஒரு வரியில் எழுதியிருப்பான். எழுதாமல் இருப்பதைப் பார்த்தால் பதிலும் தெரிகிற மாதிரி இருக்கிறது.

பாலிடெக்னிக் சேருகிற அன்று உன்னையும் உன் தகரப் பெட்டியையும் ஏற்றிக்கொண்டு போய் விட்டது இந்த வண்டிக்கு முன்னால் இருந்த வண்டி. ஓட்டினவர் யார் என்று உனக்கு ஞாபகம் இருக்கும்.

மருந்தை விடாமல் சாப்பிடு. இனி நான் எழுத மாட்டேன்.

பாக்கியமேரி


ஓசூர்
22.12.2024

என் அக்காவுக்கு,

நீ எழுதாத ஐம்பது நாளும் தபால் பெட்டியைப் பார்த்தேன். உடம்பு எப்படி என்று நீ கேட்காததால் நானே எழுதுகிறேன்: சாப்பிட்டது தங்கவில்லை. அது அல்சர் மட்டும் இல்லை.

நீ கேட்டதற்குப் பதில். யாரும் மிதிக்கவில்லை அக்கா. எங்கள் மாடலில் பெடலே கிடையாது.

ஒரு இரும்பு ஸ்டாண்டு. அதில் சிலிண்டர், குழாய், சக்கரத்து டிரம் எல்லாவற்றையும் பாதியாக வெட்டி, சிவப்பும் நீலமும் பெயின்ட் அடித்து வைத்திருக்கிறது. ஆயில் ஊற்ற முடியாது, ஊற்றினால் வெட்டின வழியாக ஒழுகிவிடும். குச்சியால் தொட்டுக் காட்டி, இங்கிருந்து ஆயில் இப்படிப் போகும் என்று சொல்வேன். ஏர் எடுப்பது பற்றி நோட்டில் ஒன்பது வரி உண்டு. எழுதி வந்தால் மார்க். முன்பு ஒரு பழைய வண்டி இருந்தது. அதில் சொல்லிக்கொடுத்தேன். இடத்தை அடைக்கிறது என்று அதை எடுத்துவிட்டு கம்ப்யூட்டர் போட்டார்கள். நான் ஒருதரம் கேட்டேன். இரண்டாவது தரம் கேட்கவில்லை.

மதிப்பீட்டாளர் ஒருநாள் வருவார். முப்பது பேரும் ஒரே ஸ்பேனரை மாற்றி மாற்றிக் கையில் பிடித்துக்கொண்டு போட்டோ எடுப்பார்கள். சாயங்காலம் முப்பது சர்டிபிகேட்டை அடுக்கி என் முன்னால் வைப்பார்கள். டீ ஆறுவதற்குள் போட்டு முடித்துவிடுவேன். ஆஸ்டின் ஒழுங்காக வந்தவன், நன்றாகக் கேள்வி கேட்பான். அவன் மேல் எனக்குக் கோபம் இல்லை. நான் சொல்லிக்கொடுத்ததை அவன் அப்படியே செய்திருக்கிறான்.

இன்னொன்று. சகாயநாதன் எங்கள் ஆட்கள் நாலு பேரை வேலைக்கு எடுத்தார். அந்தக் கணக்கைக் காட்டித்தான் எங்களுக்கு அடுத்த பேட்ச் கிடைக்கும். அவரைச் சந்தோஷப்படுத்தத்தான் மே மாதம் மச்சானுக்கு போன் செய்தேன். மச்சான் சொன்னார், “பாய் கை எனக்குப் பழகிருச்சு மாப்ள, இப்ப எதுக்கு மாத்தணும்?” நான் சொன்னேன், “பாய்கிட்ட என்ன பேப்பர் இருக்கு மச்சான்?” நான் சொன்னால் சரியாகத்தான் இருக்கும் என்று நினைத்தார்.

அடக்கத்தன்று சட்டைப் பையில் கிடந்த சாமான்களோடு அந்த பில்லையும் உன் மேசை மேல் வைத்திருந்தார்கள். அதில் ஆஸ்டின் பெயரைப் பார்த்தேன். சிலிண்டர் மாற்றினது என்பதையும் பார்த்தேன். அங்கேயே எனக்குத் தெரிந்துவிட்டது. அதனால்தான் சாப்பிடாமல் பஸ் ஏறினேன். பாய் மேல் சந்தேகம் வருகிற மாதிரி எழுதினதும் தெரிந்துதான் எழுதினேன்.

இந்தக் கடிதத்தில் முழுக் கையெழுத்துப் போட்டிருக்கிறேன். சர்டிபிகேட்டில் இருக்கிற அதே கையெழுத்து. யாரிடம் காட்ட வேண்டுமோ காட்டு. இங்கேயும் எழுதிக் கொடுத்துவிட்டேன். ஜனவரியில் வேலை இருக்குமா என்று தெரியாது.

கிறிஸ்மசுக்கு வர எனக்கு முகமில்லை. சுஜாவிடம் சொல்.

ஆ. பிரிட்டோ
பயிற்றுநர்


பாலக்கரை
05.01.2025

அன்புள்ள தம்பி பிரிட்டோவுக்கு,

அக்கா எழுதுகிறேன். உன் கடிதம் கிறிஸ்மஸ் கழித்து வந்தது. சுஜா வாசிக்க ஆரம்பித்து, பாதியில் என்னிடம் கொடுத்துவிட்டாள். மீதியை நானே எழுத்துக்கூட்டி வாசித்தேன். ஒரு மத்தியானம் முழுக்க ஆனது. மாத்திரையோடு இளநீர் குடி. உன் மேல் எனக்குக் கோபம் போய்விட்டது என்று எழுதினால் அது பொய்.

ஆனால் நானும் ஒன்றை எழுதாமல் வைத்திருந்தேன்.

அன்று விடியற்காலை அவர் டீ குடித்துவிட்டு வண்டியில் ஏறினார். இறங்கி வந்தார். “பெடல் கொஞ்சம் மெத்துன்னு போகுது மேரி. வந்து ரெண்டு மிதி மிதிச்சுப் பாரேன்” என்றார். நான் அவரைக்காய் நறுக்கிக்கொண்டிருந்தேன். எழுந்திருக்கவில்லை. “பேப்பர் உள்ளவங்க பார்த்த வேலை. என் தம்பி சொன்ன கடை. உங்களுக்கு பாய் மூஞ்சியைப் பாக்காம நாள் போகாது” என்று சொன்னேன். அவர் சிரித்துக்கொண்டே போனார்.

ஒரு மிதி மிதித்திருந்தால் எனக்குத் தெரிந்திருக்கும். பதினைந்து வருஷம் மிதித்த கால். பெடலை மிதித்தது யார் என்று ஊரெல்லாம் கேட்டேன், உன்னை இரண்டு கடிதத்தில் கேட்டேன். அன்று மிதிக்க வேண்டியவள் நான். மிதிக்கவில்லை. எனக்கும் அந்தச் சட்டம் போட்ட காகிதத்தின் மேல் அவ்வளவு நம்பிக்கை, அதில் உன் கை இருந்ததால். இதைப் பூசை வைத்த சாமியாரிடம்கூடச் சொல்லவில்லை. உனக்குத்தான் எழுதுகிறேன்.

இனி நடக்க வேண்டியது. உன் கடிதத்தைக் கோர்ட்டில் ஒரு வக்கீலம்மாவிடம் காட்டினேன். கடிதம் மட்டும் போதாது, நேரில் வந்து சொல்ல வேண்டும் என்றார். வண்டியை அதிகாரி முன்னால் மறுபடி சோதிக்க மனு போட்டு, ஜனவரி 23 வியாழக்கிழமை என்று தேதி வாங்கியிருக்கிறார். பாய் ஷெட்டில், காலை பத்து மணிக்கு. ரெங்கம்மாளும் வருகிறாள். ஆஸ்டினும் வருகிறேன் என்று சுஜாவுக்கு போன் செய்தாராம், சகாயநாதனுக்குத் தெரியாமல். வந்தால் பார்க்கலாம், நான் நம்பவில்லை.

பாயிடம் பேப்பர் கொடுத்தது யார் என்று சொல்லிவிட்டேன். கையில் இருந்த ஸ்பேனரைத் துடைத்து வைத்தார். பிறகு, “அப்ப தம்பியே வந்து நிப்பிளைத் தொறக்கட்டும். பேப்பர் உள்ள கை” என்றார். கேலியா நிஜமா என்று தெரியவில்லை. இரண்டுமாக இருக்கலாம்.

மூன்று சக்கரம் தொடாமல் இருக்கிறது. நீ முதல் நாளே வந்துவிடு. வீட்டில் சாப்பிட்டுவிட்டுத்தான் போக வேண்டும், வெறும் வயிற்றோடு வண்டிக்கு அடியில் படுக்கக் கூடாது. சுஜா உன்னோடு பேசுவாளா என்று என்னால் சொல்ல முடியாது. சோறு போடுவாள்.

அதிகாரி பக்கத்தில் நிற்பார். நீ கீழே படுத்துக்கொள். பெடலுக்கு வேறு யாரையும் உட்கார வைக்க மாட்டேன். நான்தான் உட்காருவேன். அடி என்றால் அடிக்கிறேன், பிடி என்றால் பிடிக்கிறேன். உள்ளே இருக்கிற காற்று எல்லோர் கண்ணுக்கும் தெரிகிற மாதிரி வெளியே வர வேண்டும். நீ அவசரப்படாதே. நீ “விடு” என்று சொல்கிற வரைக்கும் நான் காலை எடுக்க மாட்டேன்.

அக்கா
பாக்கியமேரி தைரியராஜ்